கீழக்கரை: கடல்வணிக நகரொன்றின் வரலாறும் வாழ்வியலும்

ஆய்வுச்சுருக்கம்

இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த கீழக்கரை, பல நூற்றாண்டுகளாகக் கடல்வணிகத்தால் வாழ்ந்துவரும் நகரமாகும். முத்து, சங்கு, துணி, மணிக்கல் என வணிகப்பொருள்கள் மாறின. இலங்கை, வங்காளம், வளைகுடா நாடுகள் எனச் சென்ற திசைகளும் மாறின. எனினும் ஊர் நிலைத்தது. அந்நிலைபேற்றுக்குத் துறைமுகம் மட்டுமே காரணமன்று. வெளியே ஈட்டிய பொருளைப் பள்ளிவாசலாகவும் இலக்கியமாகவும் கல்விக்கூடமாகவும் மகளுக்குரிய வீடாகவும் ஊருக்குள் நிலைநிறுத்திய வழக்கமும் காரணமாகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அவ்வழக்கத்தின் சான்றுகள் இன்று எந்நிலையில் உள்ளன என்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கீழக்கரை, மரைக்காயர், சீதக்காதி, அரபுத்தமிழ், சங்குகுளித்தல், புலம்பெயர் வணிகம்.

முன்னுரை

கடற்கரையில் அமைந்த வணிக ஊரைப் ‘பட்டினம்’ என்று வழங்குவது தமிழ் மரபு. காவிரிப்பூம்பட்டினமும் கொற்கையும் சங்க இலக்கியத்தில் இடம்பெற்றதனால் விரிவான ஆய்வுக்கு உள்ளாயின. இடைக்காலத்திலும் அதன் பின்னரும் சிறந்து விளங்கிய சிறு பட்டினங்கள் அந்த அளவு கவனம் பெறவில்லை. அவற்றுள் பலவற்றில் கடல்வணிகம் ஓய்ந்ததும் ஊரின் சிறப்பும் ஓய்ந்தது. கீழக்கரை இதற்கு விலக்காக நிற்கிறது. பெருங்கப்பல்கள் வந்துசெல்லும் துறை இன்று அங்கில்லை. ஆயினும் துறைமுகக் காலத்தில் உருவான வாழ்க்கைமுறை அங்குத் தொடர்கிறது. இத்தொடர்ச்சி எவ்வாறு இயன்றது என்னும் வினாவை மையமாகக் கொண்டு நகரின் வரலாறு, காணத்தக்க இடங்கள், வாழ்வியல் ஆகியன இங்கு ஆராயப்படுகின்றன.

அமைவிடமும் இயற்கைச் சூழலும்

கீழக்கரை, மாவட்டத் தலைநகரான இராமநாதபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நகராட்சியாகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 38 ஆயிரம் மக்கள் இங்கு வாழ்ந்தனர். ‘கீழ்’ என்பது கிழக்குத் திசையைக் குறிக்கும் பழஞ்சொல். கீழ்த்திசைக் கரை என்னும் பொருளில் ஊர்ப்பெயர் வழங்குகிறது.

ஊருக்கு எதிரே கடலில் முல்லி, வாழை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார் ஆகிய ஏழு தீவுகள் அடங்கிய தொகுதி உள்ளது. இவற்றைச் சூழ்ந்துள்ள பவளப்பாறைத் திட்டுகள் அலையின் வேகத்தைத் தடுக்கின்றன. பாய்மரக் கலங்களின் காலத்தில் இத்தகைய அமைதியான நீர்ப்பரப்பு நங்கூரமிடுதற்கு ஏற்றதாயிருந்தது. இயந்திரக் கப்பல்கள் பெருகிய காலத்திலோ அதே பாறைகளும் ஆழக்குறைவும் தடையாயின. ஒரே இயற்கை அமைப்பு ஒரு காலத்தில் வாய்ப்பாகவும் மற்றொரு காலத்தில் வரம்பாகவும் அமைந்தது என்பது இந்நகர வரலாற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாத செய்தியாகும்.

துறைமுக வரலாறு

பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் ஒட்டிய தமிழகக் கரையை அரேபியர் ‘மஅபர்’ என்றழைத்தனர். கடக்கும் இடம் என்பது அச்சொல்லின் பொருள். பாண்டியர் ஆட்சியில் அரபு, பாரசீகப் பகுதிகளிலிருந்து குதிரைகள் இக்கரைக்கு வந்திறங்கின. முத்தும் துணியும் இங்கிருந்து சென்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைக் கடந்துசென்ற மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பு நடைபெறும் பருவத்தையும் முறையையும் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். கீழக்கரைக்குக் கிழக்கேயுள்ள பெரியபட்டினத்தில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் மேற்கொண்ட அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. அரபுலகத்தோடு மட்டுமன்றிச் சீனத்தோடும் இக்கரை தொடர்புகொண்டிருந்தமைக்கு அவை கண்கூடான சான்றுகள்.

கீழக்கரையின் முதன்மை வணிகக் குடியினர் மரைக்காயர் ஆவர். ‘மரக்கலராயர்’ என்பதன் திரிபே இப்பெயர் என்பர் ஒருசாரார்; கலத்தைக் குறிக்கும் ‘மர்கப்’ என்னும் அரபுச் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும் இரு விளக்கங்களும் கப்பலையே அடிப்படையாகக் கொண்டிருத்தல் நோக்கத்தக்கது.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி எனப்படும் இரகுநாத சேதுபதி காலத்தில் கீழக்கரை சேது நாட்டின் முதன்மைத் துறைமுகமாக விளங்கியது. டச்சுக் கம்பெனியும் இங்குத் தன் வணிக நிலையத்தை அமைத்திருந்தது. முத்தும் சங்கும் யாருக்கு உரியவை, துணிவணிகம் யார் கையில் இருக்கவேண்டும் என்னும் கேள்விகளில் டச்சுக்காரர்களுக்கும் சேதுபதிக்கும் பூசல்கள் எழுந்தன. உள்நாட்டு அரசர் ஒருவர் ஐரோப்பியக் கம்பெனிக்கு எதிராகத் தம் கடலுரிமையைப் பேணமுயன்ற அச்சூழலில், மரைக்காயர் வணிகர்கள் சேதுபதிக்குத் துணையாயினர். கப்பலும் வெளிநாட்டுத் தொடர்பும் வணிகரிடம் இருந்தன. துறையும் காவலும் அரசரிடம் இருந்தன. இவ்விரண்டும் இணைந்ததே கீழக்கரையின் வளத்திற்கு அடித்தளமாயிற்று.

வள்ளல் சீதக்காதியும் இலக்கிய ஆதரவும்

இக்காலத்தின் மையமாக நிற்பவர் வள்ளல் சீதக்காதி. ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்பது அவரது இயற்பெயர். ‘ஷெய்கு அப்துல் காதிர்’ என்னும் அரபுப் பெயரே தமிழ் நாவில் ‘சீதக்காதி’ என்றாயிற்று. டச்சு ஆவணங்களில் ‘பெரியதம்பி மரைக்காயர்’ என்று குறிக்கப்படும் பெருவணிகர் இவரே என்றும், இவர்தம் குடும்பத்தினர் என்றும் ஆய்வாளரிடையே கருத்துகள் உள்ளன.

உமறுப்புலவர் சீறாப்புராணம் இயற்றத் தூண்டுதலாயிருந்தவர் சீதக்காதி என்பது இலக்கிய வரலாறு கூறும் செய்தி. எட்டயபுரம் அவையைச் சார்ந்த உமறுப்புலவருக்கு நபிகள் நாயகத்தின் வரலாற்றுச் செய்திகள் அரபுமொழி வல்ல அறிஞர் வழியே கிடைக்கவேண்டியிருந்தது. கீழக்கரையில் வாழ்ந்த மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பாவின் தொடர்பில் அச்செய்திகள் அவருக்குக் கிட்டின. காப்பியம் நிறைவுறுமுன் சீதக்காதி மறையவே, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் புரவலராயினார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் 5027 பாடல்களைக் கொண்ட அந்நூல், அரபு நாட்டை மழையும் ஆறும் வயலும் நிறைந்த தமிழ் நிலமாகவே வருணிக்கிறது. வணிகரின் பொருள், அறிஞரின் அரபுப் புலமை, புலவரின் தமிழ் ஆகிய மூன்றும் சந்தித்த இடமாகக் கீழக்கரை விளங்கியது. இவற்றுள் ஒன்று இல்லையெனினும் அக்காப்பியம் தோன்றியிராது.

சீதக்காதியின் கொடை இசுலாமியப் புலவர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தண்டலையார் சதகம் பாடிய படிக்காசுப் புலவரும் அவரால் ஆதரிக்கப்பெற்றார். அவரைத் தலைவராகக் கொண்டு நொண்டி நாடகமும் எழுந்தது. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்னும் பழமொழி இன்றும் சமயவேறுபாடின்றித் தமிழகமெங்கும் வழங்குகிறது. அடக்கமான பின்னரும் தம் விரலிலிருந்த மோதிரத்தைப் புலவருக்கு ஈந்தார் என்னும் செவிவழிக் கதை அதற்கு விளக்கமாகக் கூறப்படும். கதையின் வரலாற்று உண்மையைக் காட்டிலும் அது உணர்த்தும் விழுமியமே இங்குக் கருதத்தக்கது. ஈட்டியவர் இல்லாதபோதும் ஈட்டம் ஊருக்குப் பயன்படவேண்டும் என்பதே அவ்விழுமியம். ஆண்கள் ஆண்டுக்கணக்கில் ஊரில் இல்லாத கடல்வணிகச் சமூகத்தில் இது கதையாக மட்டும் நின்றுவிடவில்லை, நடைமுறையாகவும் ஆயிற்று.

கல்வி மரபும் அரபுத்தமிழும்

19ஆம் நூற்றாண்டில் கீழக்கரை சமயக் கல்வியின் நடுவமாக வளர்ந்தது. தைக்கா சாகிபு என்று அறியப்பட்ட ஷெய்கு அப்துல் காதிரிடம் பலர் பயின்றனர். ஞானப்பாடல்களால் புகழ்பெற்ற குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அவர்களுள் ஒருவர். தைக்கா சாகிபுவின் மருமகனான மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரூஸிய்யா கல்விக்கூடத்தை வளர்த்தெடுத்தார். அவர் இலங்கைக்குப் பலமுறை பயணம் செய்து அங்குள்ள தமிழ் பேசும் முசுலிம்களிடையே கல்விப் பணியாற்றினார். வணிகக் கலங்கள் சென்ற அதே வழியில் நூல்களும் ஆசிரியர்களும் சென்றனர் என்பதற்கு அவரது வாழ்வு தக்க எடுத்துக்காட்டு.

இக்கல்வி மரபின் தனிக்கூறு அரபுத்தமிழ் ஆகும். தமிழ்மொழியை அரபு எழுத்துகளால் எழுதும் முறை இது. அரபியில் இல்லாத தமிழொலிகளைக் குறிக்க, இருக்கும் எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய வடிவங்கள் அமைக்கப்பட்டன. குர்ஆன் ஓதக் கற்ற எவரும் சிறு பயிற்சியால் தம் தாய்மொழியை எழுதவும் படிக்கவும் இம்முறை வழிவகுத்தது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இம்முறையில் சமயச் சட்டம், குர்ஆன் விளக்கம் முதலிய பொருள்களில் நூல்கள் எழுதினார்.

அரபுத்தமிழின் சமூகப் பயன் இதனினும் பெரிது. பொதுப்பள்ளிக்குச் செல்லும் வழக்கமில்லாத காலத்தில் வீட்டிலிருந்தே எழுத்தறிவு பெறும் வாய்ப்பை அது பெண்களுக்கு அளித்தது. நூல்களோடு கணக்கேடுகளும் கடிதங்களும் அதில் எழுதப்பட்டன. கொழும்பிலிருந்த கணவனுக்கும் கீழக்கரையிலிருந்த மனைவிக்கும் இடையே பிறர் துணையின்றிச் செய்தி பரிமாற உதவிய எழுத்து அது. ஆதலால் அரபுத்தமிழைச் சமய எழுத்தாக மட்டும் காண்பது முழுமையாகாது; பிரிந்துவாழும் குடும்பத்தை இணைத்த கருவியாகவும் அதனைக் காணவேண்டும்.

கட்டடக்கலையும் காணத்தக்க இடங்களும்

கீழக்கரைக்கு வருவோர் முதலில் காண விழைவது பழைய பள்ளிவாசல்களையே. பழைய ஜும்மா பள்ளி நபிகளார் காலத்திலேயே, அதாவது 7ஆம் நூற்றாண்டிலேயே, எழுப்பப்பட்டதென ஊர்மரபு கூறுகிறது. இன்று காணப்படும் கற்கட்டுமானத்தின் அமைப்பு அதற்குப் பிந்திய காலத்தைச் சுட்டுகிறது. ஓடக்கரைப் பள்ளி என்னும் பெயர் ஓடங்கள் கரைசேர்ந்த இடத்தை நினைவூட்டுகிறது. சீதக்காதியால் கட்டுவிக்கப்பட்டதாகக் கருதப்படும் நடுத்தெரு ஜும்மா பள்ளியில் அவரது அடக்கத்தலமும் சதக்கத்துல்லா அப்பாவின் அடக்கத்தலமும் உள்ளன.

இப்பள்ளிகள் வட இந்தியப் பள்ளிவாசல்களைப் போன்று பெருங்குவிமாடமும் வளைவுகளும் முதன்மை பெற்றவையல்ல. வரிசையான கற்றூண்களும், போதிகைகளும், தட்டையான கற்கூரையும் கொண்ட மண்டப அமைப்பே இவற்றின் இயல்பு. கோயில் மண்டபம் எழுப்பிய சிற்பிகளின் கைவண்ணம் இவற்றில் புலப்படுகிறது. உருவச் சிற்பங்களுக்கு மாறாகப் பூவேலைப்பாடுகளும் வடிவியல் கோலங்களும் இடம்பெற்றன. தென்னிந்திய முசுலிம் கட்டடக்கலையை ஆராய்ந்த மெஹர்தாத் சொகூஹி, கீழக்கரை, காயல்பட்டினப் பள்ளிகளை இவ்வகையில் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். அரபு நாட்டைத் தமிழ் நிலமாக வருணித்த காப்பியமும், திராவிட மண்டபமாக எழுந்த பள்ளியும் ஒரே மனப்பாங்கின் இரு வெளிப்பாடுகள் எனலாம்.

சுற்றுப்புறத்தில் உத்தரகோசமங்கைச் சிவன் கோயில், 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான திருப்புல்லாணி ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயில், நீராடற் சிறப்புடைய சேதுக்கரை, ஏர்வாடி தர்கா ஆகியன அமைந்துள்ளன. முச்சமய மக்களும் ஏர்வாடிக்கு வருவது வழக்கம். கடலில் உள்ள தீவுகள், 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுள் அடங்கும்.

சங்கு முதல் மணிக்கல் வரை

கீழக்கரையின் பொருளியல் வரலாற்றில் சங்குகுளித்தலுக்குத் தனியிடம் உண்டு. சேது நாட்டுக் கடலில் சங்கெடுக்கும் உரிமை இராமநாதபுரம் அரசர்க்கும் பின்னர் ஜமீனுக்கும் உரியதாயிருந்து குத்தகைக்கு விடப்பட்டது. கீழக்கரை முசுலிம் குளியாளிகள் எடுத்த சங்குகள் வங்காளத்துக்கு அனுப்பப்பட்டு அங்கு வளையல்களாக அறுக்கப்பட்டன. வங்காள இந்துப் பெண்கள் திருமணத்தின் அடையாளமாக அணிவது அவ்வளையல்களையே. மீன்வளத்துறை அறிஞர் ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூலில் இத்தொழிலை விவரித்துள்ளார். இலங்கையின் மன்னார்ப் பகுதியில் நடைபெற்ற முத்துக்குளிப்புகளிலும் கீழக்கரைக் குளியாளிகள் பெருந்தொகையினராய்ப் பங்குகொண்டனர்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி வழியாக இலங்கைப் பயணம் இருப்புப்பாதையோடு இணைந்தது. தூத்துக்குடி பெருந்துறைமுகமாக வளர்ந்தது. பாய்மரக் கலங்களின் தேவை குறைந்தது. கடலோடிய சமூகம் அயலூர்களில் கடைவைத்து வாழும் சமூகமாகப் படிப்படியாக மாறியது. கொழும்பில் மணிக்கல், துணி வணிகங்களில் கீழக்கரையார் சிறந்தனர். ‘கரையோரச் சோனகர்’ என இலங்கையில் தனித்துக் குறிக்கப்பட்ட இந்திய முசுலிம் வணிகர்கள் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தில் பெரும் இழப்புக்கு உள்ளாயினர். 1948க்குப்பின் இலங்கையில் குடியுரிமை, குடிவரவுச் சட்டங்கள் இறுகியபோது அவ்வழி மேலும் சுருங்கியது. சென்னை, கல்கத்தா, ஹாங்காங் ஆகிய நகரங்கள் அவ்விடத்தை நிரப்பின.

அடுத்த திருப்பம் வளைகுடா நாடுகள். கீழக்கரையில் பிறந்த பி.எஸ். அப்துர் ரகுமான் (1927–2015) மணிக்கல், முத்து வணிகத்தில் தொடங்கிக் கட்டுமானத் தொழிலில் வளர்ந்தார். சென்னையில் 1973இல் திறக்கப்பட்ட அண்ணா மேம்பாலத்தைக் கட்டியது அவரது குழுமத்தைச் சார்ந்த நிறுவனமே. அதே ஆண்டில் துபாயில் தொடங்கப்பட்ட ஈ.டி.ஏ. நிறுவனம் கீழக்கரையைச் சேர்ந்த பலருக்கும் சுற்றுவட்டாரத்தாருக்கும் வேலைவாய்ப்பளித்தது. பொருள் மீண்டும் கல்வியாக ஊர் திரும்பியது. 1984இல் முகம்மது சதக் பொறியியல் கல்லூரியும், 1988இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியும் கீழக்கரையில் தொடங்கப்பட்டன. வீட்டுக்குள் அரபுத்தமிழ் கற்ற தலைமுறையின் பேத்தியர் ஊரிலேயே பட்டம் பெறும் நிலை இதனால் உருவானது.

வாழ்வியல்: வீடு, உறவு, உணவு

கீழக்கரையின் குடும்ப அமைப்பில் குறிப்பிடத்தக்க கூறு, திருமணத்திற்குப்பின் மணமகன் மனைவியின் வீட்டில் வாழ்வதாகும். காயல்பட்டினத்திலும் இவ்வழக்கம் உண்டு. மகளுக்கு வீடு அளிப்பது பெற்றோரின் கடமையாகக் கருதப்படுகிறது. கணவன் கடல்கடந்து சென்றாலும் பெண் தன் தாய், சகோதரியருடன் அறிந்த தெருவிலேயே வாழ்கிறாள். குழந்தைகள் தாய்வழிச் சுற்றத்தில் வளர்கின்றனர். சென்றவர் திரும்பிவரும் முகவரி மாறுவதில்லை. நீண்ட பிரிவைச் சமூகம் தாங்கிக்கொள்ள உதவிய ஏற்பாடு இதுவே. அதேவேளையில் பெண்மக்கள் பலருள்ள எளிய குடும்பத்திற்கு வீடளிக்கும் கடமை பெருஞ்சுமையாவதும் மறுக்கவியலாதது.

உறவுப்பெயர்களும் கடல்வழித் தொடர்பைக் காட்டுகின்றன. தந்தையை ‘வாப்பா’ என்றும் தாயை ‘உம்மா’ என்றும் அண்ணனைக் ‘காக்கா’ என்றும் அக்காளை ‘லாத்தா’ என்றும் அழைப்பர். வாப்பா, உம்மா, காக்கா ஆகியன இலங்கை முசுலிம்களின் பேச்சிலும் வழங்குகின்றன. அரசியல் எல்லை இடையிட்டபின்னும் சொல்லெல்லை மாறவில்லை என்பதற்கு இவை சான்று.

உணவிலும் இத்தொடர்பு தெளிவாகத் தெரிகிறது. அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகியவற்றை நெடுநேரம் கிளறிச் செய்யும் ‘தொதல்’ கீழக்கரையின் அடையாளமாகவே கருதப்படுகிறது. மலாய் மொழியில் ‘டோடோல்’ எனப்படும் இனிப்பே இது; இலங்கையிலும் இதே பெயரில் வழங்குகிறது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வட்டலப்பமும் இத்தகையதே. திருமண விருந்தில் நெய்ச்சோறும் களரிக்கறியும் இடம்பெறும். ஒரே பெருந்தட்டில் பலர் அமர்ந்துண்ணும் ‘சஹன்’ முறை அரபு வழக்கத்தை நினைவூட்டும். தமிழ்நாட்டுக் கருப்பட்டி மலாய்ப் பண்டத்தில் கலந்து அரபு முறையில் பரிமாறப்படும்போது, ஏட்டில் எழுதப்படாத கடல்வணிக வரலாறு உணவுத்தட்டில் எஞ்சி நிற்கிறது.

நகரின் வாழ்க்கை வணிகக் குடும்பங்களோடு முடிந்துவிடுவதில்லை. மீன்பிடித்தல், சங்கெடுத்தல் ஆகியவற்றை நம்பிய மக்களும், அண்மைக் கடலோரச் சிற்றூர்களில் கடற்பாசி சேகரிக்கும் பெண்களும் இக்கடலைச் சார்ந்தே வாழ்கின்றனர். தொலைநாட்டு வருவாய் இல்லாத இவர்களுக்கு அருகிலுள்ள கடலே முழு வாழ்வாதாரமாகும்.

இன்றைய நிலை

மேற்கண்ட மரபு இன்று மூன்று முனைகளில் மாற்றத்தை எதிர்கொள்கிறது. முதலாவது, கடலின் நிலை. கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்த பூவரசன்பட்டித் தீவு நீரில் மூழ்கிவிட்டது. நெடுங்காலம் கட்டுமானத்திற்காகவும் சுண்ணாம்புக்காகவும் பவளப்பாறைகள் வெட்டியெடுக்கப்பட்டதும் தீவுகளின் தேய்வுக்குக் காரணங்களுள் ஒன்று. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பாதுகாப்பு இன்றியமையாதது; அதனால் கடல் செல்லும் இடமும் காலமும் சுருங்கும் எளிய மக்களுக்கு மாற்று வழி காண்பதும் அதே அளவு இன்றியமையாதது.

இரண்டாவது, புலப்பெயர்வின் தன்மை. முன்னர் ஆண்கள் மட்டும் சென்று திரும்பினர். இன்று குடும்பத்தோடு சென்னையிலும் அயல்நாடுகளிலும் தங்குவோர் பெருகுகின்றனர். மகளுக்கென எழுப்பிய வீடு பூட்டிக்கிடக்குமாயின், திரும்பிவருதல் என்னும் அச்சாணியே தளர்கிறது.

மூன்றாவது, எழுத்துச் சான்றுகளின் அழிவு. தமிழெழுத்துக் கல்வி பரவியபின் அரபுத்தமிழைத் தடையின்றிப் படிக்கவல்லோர் அருகிவிட்டனர். அச்சேறிய சமய நூல்களேனும் கல்விக்கூடங்களில் பேணப்படுகின்றன. பெட்டிகளில் கிடக்கும் கணக்கேடுகளுக்கும் கடிதங்களுக்கும் அப்பாதுகாப்பு இல்லை. வீடு இடிக்கப்படும்போது அவையும் மறைகின்றன. கம்பெனி ஆவணங்கள் துறைமுகத்தை மட்டுமே காட்டும். வீட்டுக்குள்ளிருந்து அவ்வாழ்வை நடத்திய பெண்களின் குரலை அக்கடிதங்களே காட்டவல்லன.

தொகுப்புரை

• கீழக்கரையின் வளம் துறைமுக அமைப்பாலும், சேதுபதி அரசுக்கும் மரைக்காயர் வணிகர்க்கும் இடையே நிலவிய இணக்கத்தாலும் தோன்றியது.

• துறைமுகம் ஓய்ந்தபின்னும் நகர் நிலைத்ததற்கு, வெளியே ஈட்டியதை இலக்கியம், வழிபாட்டிடம், கல்விக்கூடம், பெண்வழி வீடு என ஊருக்குள் முதலாக்கிய வழக்கம் காரணமாயிற்று. சீதக்காதி பற்றிய பழமொழி அவ்வழக்கத்தின் சுருக்கமாகும்.

• பள்ளிவாசலின் கற்றூண், சீறாப்புராணத்தின் நாட்டு வருணனை, அரபுத்தமிழ் எழுத்து, தொதல் ஆகியன தமிழ் அடிப்படையில் பிறபண்பாட்டுக் கூறுகளை ஏற்றுக்கொண்ட ஒரே போக்கின் வெவ்வேறு வடிவங்கள்.

• அரபுத்தமிழ்க் கடிதங்களையும் கணக்கேடுகளையும் அட்டவணைப்படுத்தி மின்னுருவாக்குதல், மூத்த பெண்களிடமிருந்து வட்டாரச் சொற்களையும் வாய்மொழி வரலாற்றையும் திரட்டுதல் ஆகியன உடனடியாக மேற்கொள்ளவேண்டிய ஆய்வுப் பணிகளாகும். அவ்வெழுத்தைப் படிக்கத்தெரிந்த தலைமுறை இருக்கும்வரையே இப்பணிகள் இயலும்.